நிரஞ்சனுக்கு வந்த மணி

உள்ள வாங்க சார். ஷூவைக் கழட்ட வேணாம்... கழட்டிட்டீங்களா, சரி, அப்படி ஓரமா விடுங்க. ஹெல்மெட்டை இந்த டீப்பாய் மேல வைங்க. ஃபேன் போடறேன். சனிக்கிழமையும் அதுவுமா மேடவாக்கம் வரைக்கும் உங்களை அலைய வெச்சுட்டேன், மன்னிச்சுக்கங்க. மூணு மெயில் போட்டீங்க. பார்த்தேன். மூணையும் பார்த்தேன். ரெண்டு தடவை போன் அடிச்சீங்க. அது அடிச்சு ஓயற வரைக்கும் அதையேதான் பார்த்துக்கிட்டு இருந்தேன். மீட்டிங்ல இருந்தேன்னு ஒரு பொய் தயார் பண்ணி வெச்சிருந்தேன் சார். மீட்டிங்கும் இல்லை, ஒண்ணும் இல்லை. சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.

தண்ணி குடிங்க. வீட்டுல யாரும் இல்லை. பொண்ணுக்கு நீச்சல் கிளாஸ், என் வீட்டம்மா கூட்டிட்டுப் போயிருக்கா. பதினோரு மணிக்கு வந்துடுவாங்க. அதுக்குள்ள முடிச்சுடலாம். முடிச்சுடணும் சார், அவங்க முன்னாடி இது வேணாம்.

ஆமா, குருபரன் நான்தான். டெலிவரி மேனேஜர். பதினெட்டு வருஷமா ஒரே கம்பெனி. நீங்க வேலைக்குச் சேர்றவங்களைப் பத்தி விசாரிச்சுச் சொல்ற ஏஜென்சி. விசாரிக்க வந்தது செண்பகவல்லியைப் பத்தி, கோவில்பட்டிப் பொண்ணு. எங்க கிளையண்ட் ஒருத்தர், வெளிநாட்டுப் பால் கம்பெனி, இப்போ அவங்களே சென்னையில ஆபீஸ் திறந்திருக்காங்க. அங்க அவளுக்கு வேலை கிடைச்சிருக்கு. நீங்க சரின்னு எழுதிக் கொடுத்தாத்தான் ஆர்டர் கைக்கு வரும். அவ பயோடேட்டாவுல என்ன எழுதியிருக்கா? 'உங்க பால் வண்டி சிஸ்டத்துலதான் ரெண்டு வருஷம் வேலை பார்த்தேன்.' எங்க ஹெச்.ஆர். என்ன எழுதியிருக்காங்க? கொடுங்க பார்ப்போம். 'எந்த ப்ராஜெக்ட்லயும் இல்லை, பெஞ்ச்.' ம். பெஞ்ச்னா உங்களுக்கே தெரியும். சம்பளம் உண்டு, வேலை கிடையாது. கூப்பிடற வரைக்கும் உட்கார்ந்திருக்கணும்.

ரெண்டும் ஒத்துப் போகலைன்னா பொய்த் தகவல்னு குறிச்சுடுவீங்க. அது ஒரு தடவை விழுந்துட்டா அப்புறம் எந்தக் கம்பெனியும் அவளை உள்ள விடாது. தெரியும் சார். நானும் ஆள் எடுக்கறவன்தானே, எத்தனை பேரை நானே கழிச்சிருக்கேன்.

இதை யார் உறுதிப்படுத்துவாங்கங்கற இடத்துல என் பேரையா போட்டிருக்கா? காட்டுங்க. ஆமா... என் பேர்தான். போன் நம்பர்கூட சரியா இருக்கு. எதுக்கு சார் என் பேரைப் போட்டா? வேற யாரும் கிடைக்கலையா இவளுக்கு?

சரி, பேனாவை மூடி வைங்க. ஆமான்னோ இல்லைன்னோ ஒரே வார்த்தையில சொல்ற விஷயம் இல்லை இது. கொஞ்ச நேரம் கேளுங்க, அப்புறம் எழுதிக்கலாம்.

நிரஞ்சன்னு ஒருத்தன் இருந்தான் சார். கெட்டிக்காரப் பையன். அந்தப் பால் கம்பெனி வேலை முழுக்க அவன் தலையிலதான். வேலை என்னன்னு கேட்டா லேசாத்தான் தெரியும். ஐந்நூறு பண்ணை, நூறு லாரி. எந்த லாரி எந்தப் பண்ணைக்கு எத்தனை மணிக்குப் போய்ப் பால் எடுக்கணும்னு தினமும் காலையில லிஸ்ட் போகணும். அந்த லிஸ்டைப் போடற சிஸ்டத்தைப் பார்த்துக்கறது நாங்க. ஒப்பந்தத்துலயே நிரஞ்சன் பேர் இருந்தது. முக்கியமான ஆள், அவனை மாத்தணும்னா கிளையண்டைக் கேட்கணும், புது ஆளை அவங்க இன்டர்வியூ பண்ணுவாங்க, அது பிடிச்சாத்தான். அப்படி ஒரு ஷரத்து.

ஒப்பந்தம் புதுப்பிக்க இன்னும் மூணு வாரம்தான் இருக்கு, இவன் வந்து ராஜினாமாக் கடிதத்தை நீட்டறான். கல்யாணம், பெங்களூர், வேற கம்பெனின்னு ஏதோ சொன்னான். இந்த நேரத்துல போய் கிளையண்ட்கிட்ட ஆள் போயிட்டான்னு சொன்னா என்ன ஆகும்? அதனால மேல இருந்து ஒரு யோசனை சொன்னாங்க. நிரஞ்சனோட லாகின் அப்படியே இருக்கட்டும், பெஞ்ச்ல இருந்து ஒரு ஆளை எடுத்து அதுல உட்கார வெச்சுடுன்னு. சாட், மெயில் எல்லாம் நிரஞ்சன் பேர்லயே போகட்டும்னு. இதை எழுதிக்காதீங்க சார்.

அப்படித்தான் செண்பகவல்லி வந்தா. ட்ரெயினிங் முடிஞ்சு ஆறு மாசமா பெஞ்ச்ல இருந்தா. கூப்பிட்டுச் சொன்னேன், "ஒரே ஒரு மாசம்மா. ஒப்பந்தம் முடியட்டும், அப்புறம் உன் பேரை முறையா ப்ராஜெக்ட்ல போட்டுடறேன்." அவ கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "சார், அப்போ நான் எழுதற மெயில்ல கீழ என்ன பேர் போடறது?" நிரஞ்சன்னுதான் போடணும்னேன். சரிங்க சார்னு தலையாட்டிட்டுப் போயிட்டா. அந்த ஒரு மாசம் இருபத்தாறு மாசம் ஆச்சு.

நம்ப மாட்டீங்க, எங்க தொழில்ல இதெல்லாம் சர்வசாதாரணம். எங்களுக்கு வாராவாரம் வெள்ளிக்கிழமை ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் ஒரு நிறம் அனுப்பணும். நல்லா போகுதா, பச்சை. ஆட்டம் காணுதா, மஞ்சள். கவுந்துடுச்சா, சிவப்பு. இந்த இருபத்தாறு மாசமும் நான் அனுப்பினது பச்சை. ஒரு வாரம்கூட மஞ்சள் போட்டதில்லை. பச்சை பச்சையா அனுப்பித்தான் எனக்கு அந்த ஷீல்டே கொடுத்தாங்க. டி.வி.க்கு மேல இருக்கு பாருங்க. வேணாம், பார்க்காதீங்க.

போன் கால்ல என்ன பண்ணீங்கன்னு கேட்கறீங்க. நல்ல கேள்வி. நிரஞ்சனுக்குக் கூச்சம், எழுதறதுதான் வசதின்னு சொல்லி வெச்சிருந்தேன். கால்ல நான் பேசுவேன். அவ பக்கத்துல உட்கார்ந்து என்ன சொல்லணும்னு டைப் பண்ணுவா, நான் அதைப் பார்த்து வாசிப்பேன். அந்தப் பக்கம் ஹென்ரிக்னு ஒரு மனுஷன், லாரிகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. "நிரஞ்சன்கிட்ட நன்றி சொல்லுங்க"ம்பார். சொல்றேன்னு சொல்லிட்டு வெச்சுடுவேன். பக்கத்துலதான் உட்கார்ந்திருப்பா. அவ காதுலயும்தான் விழுந்திருக்கும்.

ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தா. மாட்டுப் பொங்கல் அன்னிக்குக் காலையில சிஸ்டம் படுத்துடுச்சு. ஒரு லாரிக்கும் லிஸ்ட் போகலை. நூறு டிரைவரும் எங்க போறதுன்னு தெரியாம நிக்கறாங்க. நான் இங்க தலையில அடிச்சுக்கறேன். எங்க ஆளுங்க எல்லாரும் தப்பு எங்கன்னு தேடறாங்க. அவளுக்குப் போன் போட்டேன். வீட்டுல சிக்னல் கிடைக்கலைன்னு மொட்டை மாடியில போய் உட்கார்ந்துக்கிட்டு என்ன சொன்னா தெரியுமா? "சார், தப்பை அப்புறம் தேடலாம் சார். நேத்து லிஸ்டையே எடுத்து எல்லா டிரைவருக்கும் கையால அனுப்பிடறேன். பண்ணை நேத்து இருந்த இடத்துலதானே இன்னிக்கும் இருக்கும்? மாட்டைக் கறக்காம நிறுத்த முடியாது சார், மடி கட்டிக்கும். பண்ணை டேங்க் நேத்து ராத்திரியே ரொம்பியிருக்கும், பாலை எங்க ஊத்துவாங்க?"

அவங்க அப்பா ஊர்ல பால் சொசைட்டியில அளந்து ஊத்தறவர். வீட்டுல ரெண்டு மாடு. எங்க ஆபீஸ்ல எண்பது பேர் அந்தப் பால் கம்பெனிக்கு வேலை பார்க்கறோம், பால் எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சவ அவ ஒருத்திதான் சார். ஒரு மணி நேரத்துல லாரி எல்லாம் கிளம்பிடுச்சு. தப்பை மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்து கண்டுபிடிச்சா.

ஹென்ரிக்குக்குத் தலைகால் புரியலை. நிரஞ்சனுக்குப் பெரிய மெயில் போட்டார். அன்னிக்கு சாட்ல அவர் கேட்டிருக்கார், லீவு நாள்ல உன்னைத் தொந்தரவு பண்ணிட்டோமேன்னு. இவ எழுதியிருக்கா, 'பரவாயில்லை, இன்னிக்கு எங்க ஊர்ல மாடுகளுக்குத்தான் பண்டிகை, மாட்டுக்காக வேலை பார்த்தா தப்பில்லை'ன்னு. அந்த மனுஷனும் பண்ணைக்காரர் வீட்டுப் பிள்ளை. அதுல பிடிச்சது சார் பேச்சு. அதுக்கப்புறம் வேலை முடிஞ்சதும் ரெண்டு வரி மாட்டைப் பத்தித்தான். இங்க பசு சினையா இருக்குன்னு இவ எழுத, அங்க என்ன தீவனம் போடறோம்னு அவர் எழுத, கன்னு போட்டுடுச்சுன்னு இவ எழுத. இதெல்லாம் எனக்கு அப்போ தெரியாது. மேனேஜர் எல்லா சாட்டையும் படிக்கணும்னு விதி இருக்கு. நான் படிச்சதில்லை. பச்சையாத்தானே இருக்குன்னு விட்டுட்டேன்.

அந்தச் சத்தமா? ஒண்ணும் இல்லை சார், காத்துக்குப் பால்கனிக் கதவு ஆடுது. வர்றேன் அதுக்கு.

அப்புறம் ஒரு நாள் மெயில் வருது, ஹென்ரிக் சென்னைக்கு வர்றார்னு. ரெண்டு நாள். முதல் வரியே 'நிரஞ்சனைக் கட்டாயம் பார்க்கணும்.'

எங்க கம்பெனியில கிளையண்ட் வர்றாங்கன்னா கல்யாண வீடு கெட்டது போங்க. வாசல்ல கோலம், குத்துவிளக்கு, மாலை. நாலு பொண்ணுங்க பட்டுப் புடவை கட்டிக்கிட்டு சந்தனம் குங்குமம் பன்னீரோட நிக்கணும். வேலை இல்லாம காலியா இருக்கிற சீட்டுக்கெல்லாம் வேற ப்ராஜெக்ட்ல இருந்து ஆளைக் கூட்டி வந்து நிரப்புவோம். டீம் பெருசா தெரியணும்ல. நிரஞ்சன் சீட்டுக்கும் அப்படித்தான் ஒரு ஆளைப் பிடிச்சேன். தருண்னு பேர், அண்ணா நகர்ப் பையன், பார்க்க நல்லா இருப்பான். நிஜ நிரஞ்சன் முகத்தை ஹென்ரிக் பார்த்ததே இல்லை. "ரெண்டு நாளைக்கு நீதான் நிரஞ்சன். அதிகம் பேசாதே, உனக்குக் கூச்ச சுபாவம்"னு சொல்லிக் கொடுத்தேன். அவன் சிரிச்சான். நானும் சிரிச்சேன்.

பட்டுப் புடவைக்கு ஆள் எடுக்கறது அட்மின்காரங்க. அவங்க எங்க இருந்து எடுப்பாங்க? பெஞ்ச் லிஸ்ட்ல இருந்து. வேலை இல்லாம இருக்கிறவங்கதானே, அவங்களை எடுத்தா யாருக்கும் நஷ்டம் இல்லை. லிஸ்ட்ல முதல் பேரே செண்பகவல்லி.

அட்மின்ல சொன்னப்பவே நான் ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தியிருக்கலாம். நிறுத்தலை. நல்லதாப் போச்சுன்னுதான் நினைச்சேன், சத்தியமா. அவளைக் கூப்பிட்டு, "உனக்கும் அவரை நேர்ல பார்த்த மாதிரி இருக்கும்மா"ன்னு சொன்னேன். பெரிய உபகாரம் பண்ற மாதிரி சொன்னேன் சார். போகும்போது மட்டும் நின்னு, "சார், தருண்கிட்ட எங்க வீட்டு மாட்டைப் பத்திக் கொஞ்சம் சொல்லி வைக்கட்டுங்களா? ஹென்ரிக் சார் கேட்பார்"னா. "மாடா? அதெல்லாம் இப்போ எதுக்கும்மா"ன்னு நான் சிடுசிடுத்துட்டு லிஃப்ட்ல ஏறிட்டேன்.

மறுநாள் பத்து மணிக்கு வந்து இறங்கினார். நெடுநெடுன்னு ஆறரை அடி, வெயில்ல முகமெல்லாம் தக்காளி மாதிரி சிவந்து கிடக்கு. கையில ஒரு துணிப்பையை விடாம பிடிச்சிருக்கார். செண்பகவல்லி தட்டோட முன்னாடி நிக்கறா. நெத்தியில சந்தனம் வைக்கணும், அவளுக்கு எட்டலை. அவர் சிரிச்சுக்கிட்டே நல்லாக் குனிஞ்சு கொடுத்தார். வெச்சா. "உன் பேர் என்ன?"ன்னு கேட்டார். சொன்னா. அவர் வாயில நுழையலை, ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "நீ இங்க என்ன வேலை பார்க்கறே?"ன்னார். அவ என்னைப் பார்த்தா சார்.

நான் முந்திக்கிட்டு, "இவங்க விழா ஏற்பாடெல்லாம் பார்க்கறவங்க"ன்னேன்.

அப்படியான்னுட்டு அவர் தாண்டிப் போனார். "நிரஞ்சன் எங்கே?"ன்னு கேட்டுக்கிட்டே போனார். தருண் கையை நீட்டினான். மனுஷன் கையைப் பிடிக்கலை, அப்படியே கட்டிப் பிடிச்சுக்கிட்டார். இவ நாலடி தள்ளி அந்தத் தட்டோடதான் நின்னுக்கிட்டு இருந்தா.

அவர் கேட்ட முதல் கேள்வி, "கன்னுக்குட்டி எப்படி இருக்கு? இப்போ நல்லா வளர்ந்திருக்குமே?"

தருண் முழிக்கறான். "எந்தக் கன்னுக்குட்டி?"ன்னுட்டான், முட்டாப் பய. அவனைச் சொல்லி என்ன பண்றது. ஹென்ரிக் முகம் மாறுது. புருவம் சுருங்குது. இத்தனை மாசம் கட்டினதெல்லாம் ஒரு நிமிஷத்துல போகப் போகுதுன்னு தெரியுது. எங்க இருந்து அந்தப் புத்தி வந்ததுன்னு தெரியலை. "அவன் அதைப் பத்திப் பேசறதில்லை ஹென்ரிக். கன்னுக்குட்டி செத்துப் போச்சு. போன மாசம்"னு சொல்லிட்டேன்.

சொல்லிட்டேன் சார். இந்த வாயாலதான்.

அவர் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. தருண் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு ஏதோ சொல்றார். அந்தத் துணிப்பையைப் பிரிச்சு ஒரு மணியை எடுத்தார். பித்தளை மணி, தோல் வார் போட்டது. அவங்க அப்பா பண்ணையில ஒரு பசு கழுத்துல கிடந்ததாம். நிரஞ்சன் வீட்டுக் கன்னுக்குக் கட்டணும்னு அவ்வளவு தூரம் கொண்டு வந்திருக்கார். "பரவாயில்லை, அடுத்த கன்னுக்குக் கட்டு"ன்னு சொல்லி தருண் கையில வெச்சார். சுத்தி நின்னவங்க எல்லாம் கை தட்டினாங்க. நானும் தட்டினேன்.

அப்போ நான் செண்பகவல்லி பக்கம் திரும்பினேன். கோபமா இருப்பான்னு நினைச்சேன், அழுவான்னு நினைச்சேன். ரெண்டும் இல்லை. குங்குமம் கொஞ்சம் தட்டுல சிந்தியிருந்தது, அதை விரலால ஓரமா ஒதுக்கிக்கிட்டு இருந்தா.

சாயங்காலம் லிஃப்ட் பக்கத்துல வந்தா. புடவையை மாத்திட்டு எப்பவும் போல சுடிதார்ல இருந்தா. நானே ஏதாவது சொல்லலாம்னு வாயைத் திறக்கறேன். அவ மெதுவா, "சார், கன்னுக்குட்டி நல்லாத்தான் இருக்கு சார்"னா. அவ்வளவுதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தெரியும்மா, சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுதானே, மனசுல வெச்சுக்காதே. அடுத்த மாசம் உன் பேரைப் போட்டுடறேன்."

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். லிஃப்ட் வர்றதுக்கு அவ்வளவு நேரம் ஆச்சு, அதுக்குள்ள ஒரு தடவை கேட்டிருக்கலாம் சார்.

இப்போ கேட்குதே, அந்த மணிதான். தருண் மறுநாளே என் டேபிள்ல வெச்சுட்டான், "இதை வெச்சுக்கிட்டு நான் என்ன சார் பண்ண"ன்னுட்டு. அவகிட்டக் கொடுத்துடணும்னுதான் டிராயர்ல வெச்சிருந்தேன். எந்த முகத்தோட கொடுக்கறது? ஒரு வாரம், ரெண்டு வாரம்னு போச்சு. அப்புறம் பையில போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்துட்டேன். கிளையண்ட் எனக்குக் கொடுத்ததுன்னு வீட்டுல சொன்னேன். என் பொண்ணு ஆசைப்பட்டுப் பால்கனிக் கதவுல மாட்டிட்டா. வர்றவங்க போறவங்ககிட்டல்லாம், "எங்கப்பா நல்லா வேலை பார்த்ததுக்கு வெளிநாட்டுல இருந்து வந்தது"ன்னு சொல்றா. நான் கேட்டுக்கிட்டு சும்மா இருப்பேன்.

இன்னும் இருக்கு சார். கேட்கறீங்கள்ல? அடுத்த மாசம் அவ பேரைப் போடலை. அதுக்கு அடுத்த மாசமும் போடலை. போடறதுன்னா நிரஞ்சன் போயிட்டான்னு சொல்லணும், எப்போ போனான்னு கேட்பாங்க. அந்த வருஷம் ஆள் குறைப்பு வந்தது. ஹெச்.ஆர். ஒரு லிஸ்ட் கொண்டு வந்தாங்க. ரொம்ப நாளா பெஞ்ச்ல சும்மா இருக்கிறவங்க, வேலைக்கு லாயக்கில்லாதவங்கன்னு ஒரு லிஸ்ட். அதுல செண்பகவல்லி பேர் இருந்தது. சேர்ந்ததுல இருந்தே சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கினதா ரெக்கார்ட் சொல்லுது. ஹெச்.ஆர். அம்மா என்கிட்டக் கேட்டாங்க, "குருபரன், இந்தப் பொண்ணு உங்க பக்கம்தானே உட்காருவா, ஏதாவது வேலை தெரியுமா?"

தெரியாதுன்னு சொல்லலை சார். அந்தப் பாவத்தைப் பண்ணலை. ஒண்ணுமே சொல்லலை. காபி டம்ளரைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். அவங்க டிக் போட்டுட்டு அடுத்த பேருக்குப் போயிட்டாங்க.

அவ சத்தம் போடலை, புகார் கொடுக்கலை. கார்டைக் கழட்டிக் கொடுத்துட்டு ஊருக்குப் போயிட்டா. அன்னிக்கே நான் ஹென்ரிக்குக்கு மெயில் போட்டேன், நிரஞ்சன் சொந்தக் காரணத்தால வேலையை விட்டுட்டார்னு. அவர் பதில் போட்டார் பாருங்க. 'அந்தக் கன்னு செத்ததுல இருந்தே நிரஞ்சன் மனசு சரியில்லைன்னு எனக்குத் தோணுச்சு, வீட்டுலயே இருந்து மாட்டைப் பார்த்துக்கச் சொல்லுங்க'ன்னு. அதை யாருக்கு நான் சொல்ல?

அவ போன மூணாவது மாசம் லாரி ஒரு நாள் முழுக்க நின்னுடுச்சு. பச்சை மஞ்சளாச்சு, மஞ்சள் சிவப்பாச்சு. அதுக்கப்புறம்தான் எங்களை நம்பினது போதும்னு அவங்களே இங்க ஆபீஸ் திறந்தாங்க. நியாயம்தானே? அந்த ஆபீஸ்ல அவ வேலைக்குப் போட்டிருக்கா. சிஸ்டத்தைப் பத்திக் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லியிருப்பா, இதெல்லாம் நான் பண்ணினதுன்னு சொல்லியிருப்பா. அவங்க ஃபைலைப் பார்த்துட்டு, இதெல்லாம் நிரஞ்சன் பண்ணினதாச்சேன்னு சந்தேகப்பட்டு உங்களை அனுப்பியிருக்காங்க. நான் ஆமான்னு எழுதினா அது நேரா ஹென்ரிக் மேசைக்குத்தான் போகும். இல்லைன்னு எழுதினா இந்தப் பொண்ணு பொய்க்காரி.

ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது. மேல இருந்து யோசனை சொன்னாங்கன்னு முதல்ல சொன்னேன்ல. யாரும் சொல்லலை சார். மேல இருக்கிறவங்களுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நிரஞ்சன் போறான்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, ஹென்ரிக் ரெண்டு வாரம் முணுமுணுத்துட்டு, இவளை இன்டர்வியூ பண்ணி எடுத்திருப்பார். மாட்டைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசியிருந்தாலே எடுத்திருப்பார். எனக்குப் பயம். என் பச்சைக்கு ஏதும் ஆயிடக் கூடாதுன்னு பயம். அவ்வளவுதான் விஷயம்.

நான் ஒரு வழி சொல்றேன், பாருங்க. இவ வேலை பார்த்தது உண்மைன்னு நீங்களே எழுதிக்குங்க. நம்பத்தகுந்த ஒருத்தர் சொன்னார்னு போட்டுக்குங்க. என் பேர் மட்டும் வேணாம். பதினெட்டு வருஷம் சார். பொண்ணு ஏழாவது படிக்கறா. சொன்னது பூரா நிஜம், அது போதாதா? பேர் எதுக்கு?

...என்ன சார் அப்படிப் பார்க்கறீங்க?

ஓ.

ஆமா. அவளும் இதைத்தானே கேட்டா. மெயில்ல கீழ என்ன பேர் போடறதுன்னு.

பேர் இல்லாம செல்லாது, கையெழுத்து வேணும்கறீங்க. புரியுது. என் பேரை எதுக்குப் போட்டான்னு முதல்ல கேட்டேன்ல, இப்போ யோசிச்சுப் பார்த்தா வேற யார் பேரைப் போடுவா சார்? அவ வேலை பார்த்ததைக் கண்ணால பார்த்த ஆள் உலகத்துலயே நான் ஒருத்தன்தான். கேட்டா சொல்லிடுவேன்னு நினைச்சிருக்கா பாருங்க. இத்தனைக்கு அப்புறமும்.

கொடுங்க அந்தப் பேனாவை.

பேர், குருபரன். பதவி, டெலிவரி மேனேஜர். இந்த நபர் மேற்படி வேலையைச் செய்தாரா? ஆம். எத்தனை காலம்? இருபத்தாறு மாதம். எந்தப் பேரில்? அப்படி ஒரு கட்டம் இல்லையா? சரி, ஓரத்துல எழுதறேன். 'நிரஞ்சன் என்ற பேரில். அப்படிச் செய்யச் சொன்னது நான்.' கையெழுத்து இங்கயா? போட்டாச்சு, தேதியும் போட்டுடறேன். மணி பத்தே முக்காலா? வந்துடுவாங்க. வரட்டும்.

இருங்க சார், ஃபைலை மூடாதீங்க. கீழ ஒரு கட்டம் காலியா இருக்கே. 'வேறு ஏதேனும் தெரிவிக்க விரும்பினால்.' இதுல எது வேணா எழுதலாமா? வேலைக்குச் சம்பந்தம் இல்லாததுகூட? ஹென்ரிக் இதைப் படிப்பார்ல?

உங்களுக்கு இது விளங்கும், மத்தவங்களுக்கு விளங்காது. விளங்க வேண்டிய ஒருத்தருக்கு விளங்கும். எழுதிட்டேன், படிச்சுப் பாருங்க, இங்கிலீஷ் சரியான்னு.

'கன்றுக்குட்டி சாகவில்லை.'

கிளம்புங்க சார். ஒரு நிமிஷம், ஹெல்மெட்டை மறந்துட்டீங்க. அந்த மணியா? அதை உங்ககிட்டக் கொடுத்து அனுப்ப மாட்டேன். கோவில்பட்டிக்கு நான்தான் கொண்டு போகணும். என் பொண்ணு வந்ததும் அதைக் கதவுல இருந்து கழட்டணும், ஏன் கழட்டறேன்னு கேட்பா, அவகிட்ட முதல்ல சொல்லணும்.